வீட்டுக் கணக்கு: ஜெனரேட்டருக்கு என்ன ஆகாரம்?

ஐப்பசி பிறந்து விட்டால் நம் வீடுகளில் இரண்டு விஷயங்களைப் பற்றிப் பேச்சு ஆரம்பித்து விடும். ஒன்று, தீபாவளிப் பட்சணம். மற்றொன்று, மழையும் காற்றும் வந்தால் கரண்ட் என்ன ஆகும் என்கிற கவலை.

"இந்த வருஷமாவது ஒரு ஜெனரேட்டர் வாங்கிப் போட்டு விடலாம்" என்று வீட்டுக்காரர் மெதுவாக ஆரம்பிப்பார். "வாங்குவதென்றால் டீசலில் ஓடுவதாக வாங்கு, அதுதான் உழைக்கும்" என்பார் மாமனார். "காஸிலேயே ஓடுகிறதாமே! அடுக்களையில்தான் சிலிண்டர் இருக்கிறதே!" என்பான் காலேஜில் படிக்கும் மைத்துனன். "எங்கள் காலத்தில் ஓர் அரிக்கேன் லாந்தரும் ஒரு பனையோலை விசிறியும் போதுமாக இருந்தன" என்று பெருமூச்சு விடுவார் மாமியார். கடைக்குப் போனாலோ, கையிருப்பில் எந்த யந்திரம் இருக்கிறதோ அதற்கு நிகர் உலகத்திலேயே கிடையாது என்று கடைக்காரர் சத்தியம் செய்வார்.

எல்லோரும் பேசி முடித்து, யந்திரமும் வந்து சேர்ந்த பிறகு, புயலடிக்கும் ராத்திரியில் அதற்கு எண்ணெய் ஊற்றுவது யார்? எண்ணெய் தீர்ந்து விட்டதா, எங்கே கிடைக்கும் என்று அல்லாடுவது யார்? பிரிட்ஜில் இருக்கும் பாலையும் மாமனாரின் இன்சுலினையும் காப்பாற்றுவது யார்? பெரும்பாலான வீடுகளில் அது இந்தப் பக்கத்தைப் படிக்கும் சகோதரிதான். ஆகையால், எந்த எரிபொருள் என்று தீர்மானிக்கும்போது அவர் பேச்சுக்கும் இடம் இருக்க வேண்டும். அப்படிப் பேசுவதற்கு வேண்டிய விவரங்களைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

ஜெனரேட்டர் வேண்டுமா என்பது முதல் கேள்வி

கரண்ட் போவதில் இரண்டு தினுசு உண்டு. ஒன்று, மணிக் கணக்கில் போவது. 2008 முதல் சில வருஷங்கள் தமிழ்நாட்டில் நாம் அனுபவித்த மின்வெட்டு இந்த ரகம். 2012-ல் அது எந்த அளவுக்குப் போயிற்று என்பது வெளியூர்க்காரர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். இன்வெர்ட்டரும் பாட்டரியும் வீட்டுக்கு வீடு வந்தது அப்போதுதான்.

மற்றொன்று, நாள் கணக்கில் போவது. 2011 டிசம்பர் 30-ல் கடலூரைத் தாக்கிய தானே, 2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்த வெள்ளம், 2016 டிசம்பர் 12-ல் வந்த வர்தா, 2018 நவம்பர் 16-ல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த கஜா, 2023 டிசம்பரில் மிக்ஜாம்: இவற்றில் எதையாவது அனுபவித்தவர்களுக்கு அந்த நாட்கள் மறக்காது. வர்தாவுக்குப் பிறகு சென்னையில் சில பேட்டைகள் பல நாட்கள் இருட்டில் இருந்தன. கஜாவுக்குப் பிறகு டெல்டாவில் சில கிராமங்கள் வாரக் கணக்கில் காத்திருந்தன. வண்டியில் ஜெனரேட்டரை ஏற்றிக் கொண்டு வீடு வீடாகப் போய், மோட்டாரை ஓட்டி மேல்தொட்டியை நிரப்பிக் கொடுத்து வாடகை வாங்கியவர்களும் உண்டு.

மணிக் கணக்குக்கு இன்வெர்ட்டர் போதும். சாதாரண 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் பாட்டரி ஒன்றில் பெயரளவில் 1,800 வாட்-மணி இருக்கிறது. அதில் கைக்குக் கிடைப்பது 1,200 முதல் 1,400 வரை என்று வைத்துக் கொள்ளுங்கள். இரண்டு பழைய பாணி மின்விசிறி 150 வாட், நாலு எல்.இ.டி. விளக்கு 40 வாட். ஆக 190 வாட். ஆறு ஏழு மணி நேரம் தாராளமாக ஓடும். புகை இல்லை, சத்தம் இல்லை, எண்ணெய் வாங்க ஓட வேண்டியதும் இல்லை. காற்றோட்டமான இடத்தில் வைத்து, அவ்வப்போது டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றினால் சரி.

ஆனால், கரண்ட் திரும்பி வந்தால்தானே பாட்டரிக்கு மறுபடியும் உயிர் வரும்? இரண்டாம் நாளும் வராவிட்டால் இன்வெர்ட்டர் வெறும் பெட்டிதான். அந்த இரண்டாம் நாளுக்காகத்தான் ஜெனரேட்டர். எரிபொருளைத் தேர்ந்தெடுக்கும்போது இதை மறக்கக் கூடாது. பங்கும் கடையும் திறந்திருக்கும் நல்ல நாளில் எது மலிவு என்பதோடு, ஊரே நின்று போன நாளில் எது நம் கையில் இருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒரு காகிதமும் பென்ஸிலும்

கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு பட்டியல் போடுங்கள். இது இல்லாமல் நம் வாழ்க்கை நடக்காது என்கிற சாமான்கள் மாத்திரம். இரண்டு மின்விசிறி 150 வாட். விளக்குகள் 40. பிரிட்ஜ் ஓடும்போது சுமார் 200. டி.வி. 100. இன்டர்நெட் பெட்டியும் டெலிபோன் சார்ஜரும் 30. கூட்டினால் 520 வாட்.

"இவ்வளவுதானா?" என்று கேட்பீர்கள். இவ்வளவுதான், ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பிரிட்ஜும் தண்ணீர் மோட்டாரும் புறப்படும்போது மட்டும் பல மடங்கு கரண்ட் இழுக்கும். 200 வாட் பிரிட்ஜ் கிளம்பும் அந்த நொடியில் 800, 1,000 வாட் கூடக் கேட்கும். ஒரு குதிரைச் சக்தி மோட்டார் ஓடும்போது ஆயிரம் வாட் அளவு எடுத்தால், கிளம்பும்போது 3,000 வாட்டைத் தாண்டும். ஆகவே மோட்டார் இல்லாத வீட்டுக்கு 2 கிலோவாட் யந்திரம் போதும். மோட்டாரும் வேண்டுமென்றால் 4, 5 கிலோவாட் தேவைப்படும். அப்போதும் மோட்டாரை முதலில் தனியாக ஓட்டித் தொட்டியை நிரப்பி விட்டு, பிறகு மற்றவற்றைப் போடுவது புத்திசாலித்தனம். கீஸர், இஸ்திரிப் பெட்டி, ஏர்கண்டிஷனர் இவற்றை அந்த மூன்று நாட்களுக்கு மறந்து விடுங்கள்.

வீட்டில் வியாதியஸ்தர் இருந்தால் பட்டியலின் தலைப்பிலேயே அவருக்கு வேண்டியதை எழுதுங்கள். நிமிஷத்துக்கு 5 லிட்டர் கொடுக்கும் ஆக்ஸிஜன் கான்சென்ட்ரேட்டர் 300 வாட்டுக்கு மேல் எடுக்கும். அது இடைவிடாமல் ஓட வேண்டிய சாமான். யந்திரம் நின்று போனால் கைகொடுக்க, டாக்டர் யோசனைப்படி ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒன்றும் இருக்க வேண்டும். இன்சுலின் அப்படியல்ல. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். மூடியே வைத்த பிரிட்ஜ் நாலு மணி நேரம் குளிர்ச்சியைப் பிடித்து வைக்கும். ஆகவே ஜெனரேட்டரை விட்டு விட்டு ஓட்டினாலே சமாளித்து விடலாம்.

இப்படிக் காலையில் இரண்டு மணி, மாலையிலும் இரவிலுமாக நாலு மணி, மொத்தம் ஆறு மணி நேரம் ஓட்டுவதாக வைத்துக் கொள்வோம். 500 வாட் வீதம் ஆறு மணிக்கு 3 யூனிட். இந்த 3 யூனிட்டை மனத்தில் வைத்துக் கொண்டு ஒவ்வோர் எரிபொருளாகப் பார்க்கலாம்.

பெட்ரோல்

சின்ன யந்திரங்களில் பெரும்பாலானவை பெட்ரோலில் ஓடுபவை. 2 கிலோவாட் இன்வெர்ட்டர் ரக ஜெனரேட்டர் இருபது கிலோவைச் சுற்றி இருக்கும். ஒருவரே தூக்கி வைக்கலாம். சத்தமும் மற்றவற்றைவிடக் குறைவு. முழுச் சுமையில் மணிக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேலே குடிக்கும். கால் சுமையில் அரை லிட்டருக்குக் கொஞ்சம் கீழே. நம்முடைய ஆறு மணி நேரத்துக்கு நாளொன்றுக்குச் சுமார் 3 லிட்டர். மூன்று நாளைக்கு 9, 10 லிட்டர்.

சங்கடம் என்னவென்றால், பெட்ரோல் இரண்டு விதத்தில் நம்ப முடியாத சரக்கு. முதலாவது, அதன் ஆவி. சாதாரண வெயிலிலேயே பெட்ரோல் ஆவியாகித் தரையோடு தரையாகப் பரவும். தூரத்தில் இருக்கும் ஸ்வாமி விளக்கோ அடுப்போ போதும், பற்றிக் கொள்வதற்கு. விற்பனைக்கு இல்லாமல் சொந்த உபயோகத்துக்காக 30 லிட்டர் வரை லைசென்ஸ் இல்லாமல் வைத்துக் கொள்ள 1934-ஆம் வருஷத்துப் பெட்ரோலியம் சட்டம் அனுமதிக்கிறது. அனுமதி இருக்கிறதே என்று 30 லிட்டரையும் மாடிப்படிக்கு அடியில் அடுக்கி விடாதீர்கள்! பத்து லிட்டர், இறுக்கமான மூடியுள்ள உலோக கேனில், வீட்டுக்கு வெளியே நிழலான இடத்தில், குழந்தைகள் கை படாமல். தண்ணீர்ப் பாட்டிலிலும் எண்ணெய் டின்னிலும் ஊற்றி வைப்பது கூடவே கூடாது. பிளாஸ்டிக் பாட்டிலைக் கொண்டு போனால் பல பங்குகளில் ஊற்றவும் மாட்டார்கள்.

இரண்டாவது, பெட்ரோல் கெட்டுப் போகும். இரண்டு மூன்று மாதத்தில் அதன் லேசான பாகம் பறந்து, மீதி பிசுபிசுத்து, கார்புரேட்டரின் துவாரங்களை அடைத்து விடும். இப்போது விற்கும் பெட்ரோலில் 20 சதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனாலுக்குத் தண்ணீரை இழுக்கும் குணம் உண்டு. கடற்கரை ஊர்க் காற்றில் கேனைத் திறந்து வைத்தால் கேட்க வேண்டாம். யந்திரத்தை வாங்கும்போதே, இந்தப் பெட்ரோல் அதற்கு ஒத்துக் கொள்ளுமா என்று கூட வரும் புத்தகத்தில் பார்த்து விடுங்கள்.

இதற்கு நம் வீட்டிலேயே ஒரு பரிகாரம் இருக்கிறது: ஸ்கூட்டர்! இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கேனில் உள்ள பெட்ரோலை ஸ்கூட்டருக்கு ஊற்றி விட்டு, கேனில் புதிதாக வாங்கி வையுங்கள். அரிசிப் பானையில் பழைய அரிசியை மேலே எடுத்துப் புது அரிசியைக் கீழே போடுகிறோம் அல்லவா? அதே கதைதான். ஒரு சொட்டும் வீணாகாது. மழைக்காலம் முடிந்ததும் யந்திரத்தின் பெட்ரோல் குழாயை மூடி, அது தானாக நிற்கும் வரை ஓட விட்டு விட்டால் கார்புரேட்டரும் சுத்தமாக இருக்கும்.

டீசல்

மாமனார் சொல்வதில் வாஸ்தவம் இல்லாமல் இல்லை. டீசல் யந்திரம் உழைக்கும். ஒரு லிட்டர் டீசலிலிருந்து நல்ல சுமையில் இரண்டரை யூனிட் வரை எடுக்கலாம். சின்னப் பெட்ரோல் யந்திரத்தில் ஒன்றரை யூனிட் வந்தால் அதிகம். டீசல் எளிதில் ஆவியாகாது, பெட்ரோலைப் போல் சட்டென்று பற்றாது. தண்ணீர் சேராமல் பார்த்துக் கொண்டால் ஆறு மாதம், அதற்கு மேலும் கெடாமல் இருக்கும்.

பின்னே ஏன் எல்லோரும் டீசலே வாங்கக் கூடாது? ஏனென்றால் டீசல் பெரிய குடும்பஸ்தன். 520 வாட்டுக்கு ஏற்ற மாதிரி சின்ன டீசல் யந்திரம் கடையில் அகப்படுவது அபூர்வம். சத்தம் அடக்கும் கூண்டோடு வருவது 5 கே.வி.ஏ. அளவில்தான் ஆரம்பிக்கிறது. விலை பல மடங்கு. நாலு ஆள் சேர்ந்தாலும் லேசில் நகராது. அவ்வளவு பெரிய யந்திரத்தை நம் இரண்டு மின்விசிறிக்கும் ஒரு பிரிட்ஜுக்குமாக ஓட்டினால், அது சும்மா சுற்றுவதற்கே டீசலைக் குடிக்கும். நாளைக்கு 5 லிட்டர் ஆனாலும் ஆச்சரியமில்லை. லிட்டருக்கு அதிக யூனிட் என்ற லாபமெல்லாம் இங்கே பறந்து போகும். போதாக்குறைக்கு, எப்போதும் குறைந்த சுமையிலேயே ஓடும் டீசல் எஞ்சினில் முழுசாக எரியாத எண்ணெயும் கரியும் படிந்து எஞ்சினே பழுதாகும். கல்யாணச் சமையல் அண்டாவில் இரண்டு பேருக்கு ரசம் வைப்பது போல!

சத்தத்துக்கும் புகைக்கும் சட்டம் இருக்கிறது. கூண்டோடு வரும் டீசல் ஜெனரேட்டரின் ஓசை ஒரு மீட்டர் தூரத்தில் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது. குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணிக்கு மேல் இருக்க வேண்டிய அளவு 45 டெசிபல்தான். எதிர்வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இந்த வித்தியாசம் நன்றாகப் புரியும். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2012-ல் அறிவித்தது. ஜன்னலோரம் வைக்க அது ஏற்றதல்ல.

டீசலுக்கு உகந்த இடம், பத்து இருபது வீடுகள் சேர்ந்த ஃபிளாட். லிப்ட், தண்ணீர் மோட்டார், மாடிப்படி விளக்கு, வீட்டுக்கு ஒரு மின்விசிறி என்று சுமை நிறைந்திருக்கும். செலவையும் பங்கு போட்டுக் கொள்ளலாம். உங்கள் ஃபிளாட்டில் அப்படி ஒன்று இருந்தால், அசோசியேஷன் கூட்டத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: "நம் ஜெனரேட்டர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது?" 2015 வெள்ளத்தில் தரைத்தளத்திலும் கீழ்த்தளத்திலும் வைத்திருந்த ஜெனரேட்டர்கள் பல முழுகிப் போயின. முழங்கால் தண்ணீரில் முழுகும் ஜெனரேட்டர் வெயில் காலத்துக்குத்தான் உதவும்.

காஸ்

மைத்துனன் யோசனைக்கு வருவோம். சமையல் காஸில் ஓடும் ஜெனரேட்டர்கள் இருக்கின்றன. பெட்ரோல், காஸ் இரண்டிலும் ஓடும் யந்திரங்களும் வந்து விட்டன. காஸின் பெரிய குணம், அது கெடவே கெடாது. சிலிண்டரை இரண்டு வருஷம் மூலையில் வைத்திருந்தாலும் அன்று வந்த காஸ் போலவே எரியும். கார்புரேட்டரில் பிசுக்கு இல்லை. கொட்டுவது, சிந்துவது, துணியில் வாடை என்பது இல்லை. நம் 3 யூனிட்டுக்கு நாளைக்குச் சுமார் 2 கிலோ ஆகும். 19 கிலோ சிலிண்டர் ஒன்று எட்டு ஒன்பது நாள் வரும். இதே யந்திரம் பெட்ரோலில் கொடுப்பதைவிடப் பத்தில் ஒரு பங்கு சக்தி குறைவாகக் கொடுக்கும். அதையும் கணக்கில் சேர்த்துக் கொள்ள வேண்டும்.

ஆனால் அடுக்களைச் சிலிண்டரைத் தூக்கிக் கொண்டு போய் மாட்ட முடியாது. 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டர் சமையலுக்கு மட்டுமே என்பது சட்டம். ஜெனரேட்டருக்கு 19 கிலோ வணிகச் சிலிண்டர் தனியாக வாங்க வேண்டும். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். புயல் ஓய்ந்து இரண்டாம் நாள் சிலிண்டர் வண்டி வருமா? இருக்கும் ஒரு சிலிண்டரையும் ஜெனரேட்டர் குடித்து விட்டால் குழந்தைக்குக் கஞ்சி வைப்பது எதில்? விளக்கில்லாமல் இருக்கலாம், அடுப்பில்லாமல் முடியுமா?

காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையில் தேங்கும். ஆகவே சிலிண்டரைப் பள்ளத்திலோ, கீழ்த்தளத்திலோ, மூடிய அறையிலோ வைக்கக் கூடாது. குழாய்க்கும் ரெகுலேட்டருக்கும் அந்த யந்திரத்துக்கென்றே வந்தவற்றைத்தான் உபயோகிக்க வேண்டும். இன்னொன்று: நிறை சிலிண்டர்கூட வெள்ளத்தில் மிதக்கும். வெள்ளம் வரும் பேட்டையானால் சங்கிலி போட்டுக் கட்டி வையுங்கள்.

சென்னையின் சில பகுதிகளில் குழாய் மூலம் இயற்கை எரிவாயு வரத் தொடங்கியிருக்கிறது. அது காற்றைவிட லேசானது. சேமித்து வைக்கிற தொல்லையும் இல்லை. ஆனால், அதற்கென்று அமைத்த யந்திரம் வேண்டும். காஸ் கம்பெனியின் ஒப்புதல் இல்லாமல் குழாயைத் தொடவும் கூடாது.

மண்ணெண்ணெய், சூரியன்

பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெய்க்கு மாறி ஓடும் ஜெனரேட்டர்களை ஒரு காலத்தில் கடைத்தெருவில் நிறையப் பார்த்தோம். இப்போது அபூர்வம். ரேஷன் கடையின் நீல மண்ணெண்ணெய் அடுப்புக்கும் விளக்குக்கும் கொடுப்பது. யந்திரத்தில் ஊற்றுவது சட்ட விரோதம். வாடையும் கரியும் தனி. யாராவது பழைய யந்திரத்தைச் சல்லிசாகத் தருகிறேன் என்றால், "வேண்டாம்" என்று சொல்லி விடுங்கள்.

"மொட்டை மாடியில் சூரிய மின்தகடு போட்டிருக்கிறோமே, எங்களுக்கு என்ன கவலை?" என்பவர்களும் இருக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் மத்திய சர்க்காரின் சூர்ய கர் திட்டம் வந்த பிறகு இவர்கள் தொகை பெருகியிருக்கிறது. மின்வாரிய லைனோடு இணைந்த சாதாரண சூரிய அமைப்பு, கரண்ட் போனதும் தானும் நின்று விடும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். பாட்டரியோடு கூடிய, தனித்தும் ஓடக் கூடிய இன்வெர்ட்டர் இருந்தால்தான் இருட்டில் பயன். இருந்தால், அதைப் போல் சுகம் வேறில்லை. ஆனால் புயல் மேகம் மூடிய நாட்களில் சூரியனும் லீவு எடுத்துக் கொள்வார்.

கண்ணுக்குத் தெரியாத எமன்

எந்த எரிபொருள் ஆனாலும் பொதுவான அபாயம் ஒன்று உண்டு. மற்றதையெல்லாம் மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்க வேண்டாம்.

எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்ஸைடு என்ற வாயு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. மூச்சோடு உள்ளே போனதும் ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்து கொள்ளும். பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக் கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு கிறுகிறுப்பு, குமட்டல், அப்புறம் தூக்கம். தூங்குகிறவர்களுக்கு அந்த அறிகுறிகளும் தெரியாது. 2020 ஆகஸ்டில் லாரா புயல் அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தைத் தாக்கியபோது, காற்றுக்கும் வெள்ளத்துக்கும் தப்பிய பலர் பிறகு வீட்டு ஜெனரேட்டர் புகைக்குப் பலியானார்கள்.

மழையில் நனைகிறதே என்று ஜெனரேட்டரை வராந்தாவுக்கோ, கார் ஷெட்டுக்கோ, பால்கனிக்கோ, மாடிப்படி முகப்புக்கோ இழுத்துக் கொண்டு வராதீர்கள். கதவைத் திறந்து வைத்தால் போதும் என்பதும் தப்பு. வீட்டிலிருந்து இருபது அடி தள்ளி, திறந்த வெளியில், புகைக் குழாய் நம் வீட்டையும் பக்கத்து வீட்டையும் பார்க்காமல், மேலே மட்டும் கூரை போட்டு வைக்க வேண்டும். காஸ் சுத்தமாக எரிகிறதே என்றும் ஏமாற வேண்டாம். அதிலும் இந்த வாயு உண்டு. அந்த இருபது அடி இடம் உங்கள் வீட்டில் இல்லையென்றால், உங்களுக்கு எந்த ஜெனரேட்டரும் ஏற்றதல்ல. இன்வெர்ட்டரில் இன்னொரு பாட்டரி சேர்ப்பதே வழி. யந்திரம் ஓடும்போது வீட்டில் இரண்டு பேருக்குச் சேர்ந்தாற்போல் தலை வலித்தால், காரணம் யோசித்துக் கொண்டிராமல் எல்லோரையும் வெளியே அழைத்து வந்து, யந்திரத்தை நிறுத்தி, 108-ஐக் கூப்பிடுங்கள்.

மற்றொரு கண்டிப்பு. ஜெனரேட்டர் ஒயரைச் சுவரில் உள்ள பிளக்கில் சொருகி வீடு முழுவதற்கும் கரண்ட் கொடுக்கும் "சாமர்த்தியம்" சில இடங்களில் நடக்கிறது. அந்தக் கரண்ட் நம் மீட்டர் வழியாகத் திரும்பித் தெருக் கம்பிக்குப் போகும். அறுந்த கம்பியைக் கட்டக் கொட்டும் மழையில் கம்பத்தில் ஏறி நிற்கும் லைன்மேனுக்கும் வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள். லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு சேஞ்ச்-ஓவர் சுவிட்ச் போட்ட பிறகே வீட்டு ஒயரிங்கில் சேர்க்க வேண்டும். அதுவரை, தேவையான சாமானைத் தடித்த நல்ல ஒயரில் ஜெனரேட்டரிலேயே நேராக மாட்டி உபயோகியுங்கள்.

எஞ்சின் சூடாக இருக்கும்போது பெட்ரோல் ஊற்றக் கூடாது. நிறுத்திக் கால் மணி, இருபது நிமிஷம் ஆற விடுங்கள். டார்ச் விளக்கில் ஊற்றுங்கள். மெழுகுவர்த்தியைப் பிடித்துக் கொண்டு நிற்காதீர்கள்.

தீர்ப்பு

சொன்னதையெல்லாம் சுருக்கிச் சொல்கிறேன்.

வெட்டவெளி இல்லாத ஃபிளாட் வீடானால் ஜெனரேட்டர் வேண்டாம், இன்வெர்ட்டரும் பாட்டரியும். ஃபிளாட் முழுவதற்கும் சேர்த்து என்றால் டீசல், அதுவும் வெள்ள மட்டத்துக்கு மேலே மேடை போட்டு.

தனி வீடு, கொல்லையில் இடம், வீட்டில் ஸ்கூட்டர், மாதம் ஒரு தடவை கவனிக்கப் பொறுமை, எல்லாம் உண்டென்றால் 2 கிலோவாட் பெட்ரோல் யந்திரம்.

வருஷத்தில் எட்டு மாதம் பூட்டிக் கிடக்கும் வீடு, வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடு, பெட்ரோல் கேன் என்றாலே பயம் என்பவர்கள், இவர்களுக்குக் காஸ். வணிகச் சிலிண்டர் ஒன்று நிரப்பித் தயாராக இருக்க வேண்டும். பெட்ரோல், காஸ் இரண்டிலும் ஓடும் யந்திரம் கொஞ்சம் கூட விலையானாலும், ஒன்று கிடைக்காத நாளில் மற்றது கைகொடுக்கும். வர்தா வந்தபோது பெரிய நோட்டுகள் செல்லாது என்று அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் ரொக்கம் தட்டுப்பாடு, கார்டு தேய்க்கும் யந்திரத்துக்குக் கரண்ட் இல்லை. அந்த மாதிரி நாளில் ஏற்கெனவே வீட்டில் இருக்கும் எரிபொருள்தான் எரிபொருள்.

எதை வாங்கினாலும் மாதம் ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை பகலில், பிரிட்ஜை மாட்டி இருபது நிமிஷம் ஓட்டிப் பாருங்கள். எஞ்சின் ஆயில் அளவைப் பாருங்கள். வீட்டுக்காரர் மட்டும் கயிற்றை இழுத்துக் கிளப்பினால் போதாது. நீங்களும் ஒரு தடவை இழுத்துக் கிளப்புங்கள், ஒரு தடவை நிறுத்துங்கள். புயல் வரும் நாளில் அவர் ஆபீஸிலிருந்து வீடு வந்து சேர்ந்திருப்பார் என்பது என்ன நிச்சயம்?

அடுத்த வாரம்: மழை நாளில் ஈரம் ஏறாமல் பருப்பையும் அப்பளத்தையும் காப்பாற்றுவது எப்படி?